ஏணியின் இரண்டாவது படி

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னவ எழுதறேன். உடம்பு நல்லா இருக்கு, பசிக்குது, தூக்கம் வருது. நீ கேக்கப்போற மூணு கேள்விக்கும் முதல்லயே பதில் சொல்லிட்டேன். அம்மாவோட முழங்கால் எப்படி? உன் காது எப்படி? போன வாரம் போன்ல நான் கத்தினதைக் கேட்டு, பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டி "ஏதாவது சண்டையா"ன்னு விசாரிச்சிட்டுப் போனார். இனிமே கடிதம்தான். வந்து சேர ஒன்பது நாள் ஆனாலும் சரி, ஆலையில பாட்டில் சத்தத்துல பாழாப்போன உன் காதோட என்னால மல்லுக்கட்ட முடியாது.

புது இடத்துல என்ன வேலைன்னு கேட்டே. சொல்றேன், கொட்டாவி விடாம படி. உலகத்துல இருக்கிற பொருளுக்கெல்லாம் ஒரு எதிர்ப்பொருள் உண்டு. அச்சு அசலா அதே மாதிரி, ஆனா அதோட மின்சாரம் மட்டும் நேர் எதிர். ரெண்டும் தொட்டுக்கிட்டா ரெண்டுமே காலி. அதனால அதை எந்தப் பாத்திரத்துலயும் போட்டு வைக்க முடியாது. காத்துகூட இல்லாத வெற்றிடத்துல, காந்தத்தையும் மின்சாரத்தையும் வெச்சு நாலு பக்கமும் தள்ளிப் பிடிச்சு, எதையும் தொடவிடாம அந்தரத்துல நிறுத்தியிருக்கோம். அதுக்குப் பேர் பொறி.

எங்ககிட்ட இருக்கிறது எண்ணி நூத்திப் பன்னிரண்டு துகள். அதைத் தயாரிக்கிற பெரிய மெஷினைப் பழுது பார்க்க மூடிட்டாங்க, செப்டம்பர்லதான் திறப்பாங்க. அதுவரைக்கும் இந்த நூத்திப் பன்னிரண்டுதான் எங்க பொழைப்பு. சாதாரணப் பொருளுக்கும் இதுக்கும் காந்தக் குணத்துல மயிரிழை வித்தியாசமாவது இருக்கான்னு அளக்கணும். இருந்துட்டா, ரெண்டும் ஒண்ணையொண்ணு அழிச்சுக்காம இந்த உலகம் எப்படி மிஞ்சிச்சுங்கிற கேள்விக்கே ஒரு துப்பு கிடைக்கும்.

பொறி இருக்கிற அறையைப் பார்த்தா நீ சிரிப்பே. சுவர், கூரை, கதவு எல்லாம் செம்புத் தகடு. வெளியில ஓடுற மோட்டார் சத்தம், ரேடியோ எதுவும் உள்ள வந்து அளவைக் கெடுக்கக் கூடாதுன்னு ஒரு ஜன்னல்கூட இல்ல. நடுவுல ஆள் உயரத்துக்கு மேல காந்தம். அதுக்கு மேல ஒரு மேடை, ஏற ஆறு படி ஏணி. மேடையில நின்னா கூரை தலையில இடிக்கும். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை எங்க டெக்னீஷியன் மீசைக்காரர் ஏறி, காந்தத்தைக் குளிர வைக்கிற திரவ ஹீலியத்தை ஊத்துவார். நான் கீழ நின்னு குழாயைப் பார்த்துக்குவேன். அவருக்கு மீசையே கிடையாது. முப்பது வருஷத்துக்கு முன்னாடி இருந்துச்சாம், மீசை போயும் பேர் போகல.

இப்போதைக்கு ஒரே தலைவலி, திரையில நேரா ஓட வேண்டிய கோட்டுல பன்னிரண்டு செகண்டுக்கு ஒரு முள் குத்துது. எங்கிருந்து வருதுன்னு தெரியல. அது போற வரைக்கும் அளவு எடுக்க முடியாது. எங்க புரொபசர் மூஞ்சியைப் பார்க்கவே சகிக்கல.

அம்மாவை மாத்திரை ஒழுங்கா போடச் சொல்லு.

உன்,
சின்னவ

*

ஜனவரி 20

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா எழுதறேன். இங்க நாங்க ரெண்டு பேரும் சுகம். அம்மா முழங்கால் மழைக்கு வலிக்குது, வெயிலுக்கும் வலிக்குது. என் காது இருக்கிற இடத்துல இருக்கு.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டும்போது "ரெண்டுமே காலி"ங்கிற இடத்தை விட்டுட்டேன். அப்படியும் அம்மா விடல. "பொறிங்கிறா, எதிர்ங்கிறா, ஏதோ வெடிகுண்டு வேலை பார்க்கிறாளா"ன்னு ரெண்டு நாளா ஒரே கேள்வி. எனக்கு மட்டும் பயமில்லையா? தொட்டா காலின்னு நீ பாட்டுக்கு ஜோக் மாதிரி எழுதறே. அந்த நூத்திப் பன்னிரண்டும் ஒண்ணா சுவத்துல பட்டா நீ என்ன ஆவே? அதை நேரா சொல்லு.

இருபத்தஞ்சு வருஷமா வெளிச்சத்துக்கு முன்னால பாட்டில் ஓடறதைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன். நிமிஷத்துக்கு நூறு பாட்டில், அதுல எதுல விரிசல்னு கண்ணுல படும். உன் எழுத்தும் எனக்கு அப்படித்தான், மழுப்பினா தெரிஞ்சிடும்.

தலைமுடியை ஒட்ட வெட்டிக்கிட்டியாமே, உன் கூட்டாளி அனுப்பின போட்டோவுல பார்த்தேன். அம்மா பார்த்துட்டு அழுதா. நான் அழல, ஆனா பின்னல் போட்டு விட்ட கை, கொஞ்சம் கோவம் வந்துச்சு. குளிருக்குத் தலையில ஏதாவது கட்டிக்கோ.

உன்,
அக்கா

*

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகம், சுகம். அங்கயும் அப்படியேன்னு நம்பறேன்.

முதல்ல வெடிகுண்டு கதையை முடிச்சிடலாம். நூத்திப் பன்னிரண்டும் ஒரே நேரத்துல சுவத்துல பட்டாலும், ஒரு கொசு பறக்கிறதுக்குச் செலவாகிற சக்திகூட வராது. கொசுவுக்குப் பயந்தா எனக்கும் பயப்படு. பயம் எங்களுக்கும் உண்டு, அதுங்க எங்களை அழிச்சிடுமோன்னு இல்ல, அதுங்க தொலைஞ்சு போயிடுமோன்னுதான். காலையில வந்ததும் முதல் வேலை எத்தனை பாக்கின்னு பார்க்கிறது.

இப்போ நல்ல சேதி. முள்ளைப் பிடிச்சிட்டேன்! நான்தான் பிடிச்சேன். மூணு வாரமா எல்லாரும் மண்டையை உடைச்சுக்கிட்டாங்க. நான் என்ன பண்ணேன், அந்த அறைக்குள்ள மின்சாரத்துல ஓடறது ஒவ்வொண்ணா பிளக்கைப் பிடுங்கிக்கிட்டே வந்தேன். விளக்கைப் பிடுங்கினேன், முள் இருந்துச்சு. பம்பை நிறுத்தினேன், இருந்துச்சு. கடைசியா கூரைகிட்ட மாட்டியிருந்த ஒரு சின்னப் பெட்டி, ஏதோ ஒரு மீட்டர், அதைப் பிடுங்கினதும் கோடு தண்ணி மாதிரி நேரா ஓடுது! அது பன்னிரண்டு செகண்டுக்கு ஒரு தடவை கண் முழிச்சுப் பார்க்குமாம், அந்த நேரத்துல எங்க அளவுல குத்திடுது. புரொபசர் என் முதுகுல தட்டின தட்டுல என் மூக்குக்கண்ணாடி கீழ விழுந்துடுச்சு. அளக்கும்போது மட்டும் அதைக் கழட்டி வைக்கிறதுன்னு பேசியிருக்கோம்.

அப்புறம், அறைக்கு வெளியில ஒரு பெரிய மின்விசிறி உண்டு. உள்ள இருக்கிற காத்தையெல்லாம் இழுத்து வெளிய தள்ளும். அதைப் போட்டா மின்சாரம் ஒரு உதறு உதறி, பொறியில இருக்கிறதெல்லாம் கொட்டிடும். அதனால அந்த சுவிட்ச் மேல "கைவைக்காதே, அளவு நடக்கிறது"ன்னு கொட்டை எழுத்துல நானே எழுதி ஒட்டியிருக்கேன். என் கையெழுத்து அழகா இருக்குன்னு மீசைக்காரர் சொன்னார். உனக்குத்தான் அது கோழிக் கிறுக்கல்.

உன்,
சின்னவ

*

பிப்ரவரி 16

சின்னவளுக்கு,

நாங்க சௌக்கியம். நீ?

கொசு கணக்கு அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு, பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லியாச்சு. எனக்கு ஒரே ஒரு கேள்வி. ஏதோ ஒரு மீட்டர்னு எழுதியிருக்கியே, அது என்ன மீட்டர்? மீசைக்காரருக்கு மீசை இல்லைங்கிற வரைக்கும் எழுதறவ, அந்தப் பெட்டிக்குப் பேர் எழுதல. சுவத்துல யாரும் சும்மா ஒரு பெட்டியை மாட்டி வைக்க மாட்டாங்க. எங்க ஆலையிலயும் அப்படிச் சில பெட்டி உண்டு.

பதில் எழுது.

உன்,
அக்கா

*

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

கோவிச்சுக்காதே, எழுத லேட்டாயிடுச்சு. உடம்புக்கு ஒண்ணுமில்ல, சாயங்காலமானா கொஞ்சம் தலை வலிக்குது, அவ்வளவுதான். திரையையே பார்த்துக்கிட்டிருந்தா யாருக்கும் வலிக்கும். அம்மாவுக்கு இதைப் படிக்காதே.

அளவு ஜோரா போகுது. செலவானது போக இப்போ தொண்ணூத்தேழு இருக்கு. இந்த வேகத்துல போனா மே மாசத்துக்குள்ள முடிச்சிடலாம். இதுவரைக்கும் உலகத்துல யாரும் இவ்வளவு துல்லியமா அளந்ததில்ல, தெரியுமா? உன் தங்கச்சி பேரு அதுல வரும்.

ஒரு தமாஷ் கேளு. போன வாரம் மீசைக்காரர் மேடைமேல நின்னு ஊத்திக்கிட்டிருந்தார். ஆள் ஆறடி, பேசினா இடி இடிக்கிற மாதிரி இருக்கும். "குழாயை இன்னும் கொஞ்சம் திருப்பு"ன்னு மேலருந்து சொல்றார், குரல் கீச்சுன்னு மூணு வயசுப் பாப்பா மாதிரி வருது! நான் கீழ உக்காந்து வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். அவரும் சிரிச்சார், அந்தச் சிரிப்பும் கீச்சு கீச்சுன்னுதான் வந்துச்சு. அதுக்கப்புறம் அவரை எல்லாரும் பாப்பான்னுதான் கூப்பிடறோம். இதை அம்மாவுக்குக் கட்டாயம் படிச்சுக் காட்டு.

உன்,
சின்னவ

*

மார்ச் 22

சின்னவளுக்கு,

அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். அம்மா சிரிச்சா. நானும் சிரிச்சேன். அப்புறம் வேலைக்குப் போய் உக்காந்தா ஒரு பாட்டில்கூடக் கண்ணுல நிக்கல. மத்தியானம் எங்க ஆலை டாக்டர்கிட்ட போய், ஒருத்தருக்குக் குரல் திடீர்னு குழந்தை மாதிரி ஆச்சுன்னா என்ன அர்த்தம்னு கேட்டேன். அவர் சாப்பிட்டுக்கிட்டே சொன்னார், "பலூன்ல அடைக்கிறாங்களே ஹீலியம், அதை மூச்சுல இழுத்தா அப்படி ஆகும். விஷமெல்லாம் இல்ல. ஆனா அது நிறைஞ்ச இடத்துல காத்து இருக்காது. வாசனை வராது, இருமல் வராது, மூச்சு முட்டுதுன்னுகூடத் தெரியாது. சும்மா தூங்கற மாதிரி விழுந்துடுவாங்க. ஏம்மா, யாருக்கு?"

யாருக்கும் இல்லைன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

நேரா கேக்கறேன், நேரா பதில் சொல்லு. நீ பிளக்கைப் பிடுங்கின பெட்டி, அறையில மூச்சு விடக் காத்து இருக்கான்னு பார்க்கிற பெட்டிதானே? காத்து கொறைஞ்சா கத்தற பெட்டிதானே?

அடி கழுதை, அதைத் திரும்ப மாட்டு. இந்தக் கடிதத்தைக் கீழ வெச்சுட்டு இப்பவே போய் மாட்டு. உன் அளவு நாசமாப் போகட்டும்.

அப்பா இப்படித்தான்

மேல பாதியில நிக்கிற வரியைக் கண்டுக்காதே. தப்பா எழுதிட்டேன். அதை அடிக்கக்கூட எனக்குக் கை வரல.

உன்,
அக்கா

*

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

நான் சுகம். அம்மாவும் நீயும் சுகமா இருப்பீங்க.

ஆமாம், அந்தப் பெட்டிதான். இப்போ திருப்தியா? ஒரு தமாஷ் எழுதினா அதையும் டாக்டர்கிட்ட எடுத்துக்கிட்டுப் போவியா? இங்க இருக்கிறவங்க எல்லாம் இதையே படிச்சு, இதுலயே வாழறவங்க. ஹீலியம் என்ன பண்ணும்னு எங்களுக்கு உங்க ஆலை டாக்டர் சொல்லித் தர வேண்டாம். திரவம் கொதிச்சுக் கிளம்புற வாயுவைத் தனிக் குழாய்ல வெளிய அனுப்பிடறோம். அன்னிக்கு மூட்டு கொஞ்சம் தளர்ந்திருந்துச்சு, இறுக்கிட்டோம்.

அளக்கும்போது மட்டும் கழட்டறதுன்னு சொன்னேன்ல, இப்போ நாள் முழுக்க அளக்கறோம். அதனால நாள் முழுக்க கழண்டிருக்கு. எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசறதில்ல. கண்டுபிடிச்சதே நான்தான், நானே போய் மாட்டுங்கன்னு எப்படிச் சொல்லட்டும்? புரொபசர் அஞ்சு வருஷமா இந்த அளவுக்காகக் காத்திருக்கார்.

அதோட நான்தான் கீழயே நிக்கிறேனே. மீசைக்காரர் ஏறினா ஏணியை விட்டு நான் நகர்றதே இல்ல. அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா ரெண்டே எட்டுல ஏறித் தூக்கிடுவேன். இதைவிட என்ன பாதுகாப்பு வேணும்?

என்னை இன்னும் நாலு வயசுப் பொண்ணுன்னு நினைக்காதே. அப்பாவும் சித்தப்பாவும் லாரி மோதிப் போனாங்க. அதுக்கும் இதுக்கும் என்ன முடிச்சுப் போடறே?

சின்னவ

*

ஏப்ரல் 11

என் சின்னவளுக்கு,

இந்தத் தடவை சுகம் விசாரிக்க எனக்குப் பொறுமையில்ல. "ரெண்டே எட்டுல ஏறித் தூக்கிடுவேன்"னு எழுதியிருக்கே. அந்த வரிக்குத்தான் இந்தக் கடிதம்.

அப்பா லாரி மோதிச் சாகல. சித்தப்பாவும் அப்படிச் சாகல. உனக்கு நாலு வயசு, உன்கிட்ட அப்படிச் சொல்லலாம்னு அம்மாதான் சொன்னா. அப்புறம் நீ பெரியவளான பிறகும் சொல்ல எனக்கு வாய் வரல. ஏன் வரலன்னு இப்போ எழுதறேன்.

எனக்குப் பதினேழு. அன்னிக்கு அப்பா கண்ணாடியை வீட்டுலயே வெச்சுட்டு வேலைக்குப் போயிட்டார். அதைக் கொடுக்கத்தான் நான் ஆலைக்குப் போனேன். காலை பத்து மணி இருக்கும். நல்ல வெயில். பழச்சாறு வைக்கிற பெரிய தொட்டியைக் கழுவற நாள். சாறெல்லாம் இறக்கியாச்சு, அடியில கொஞ்சம் புளிச்ச கசடு கிடந்துச்சு. அது புளிச்சுப் புளிச்சு உள்ள இருந்த காத்தையெல்லாம் மேல தள்ளிட்டு வேற வாயுவை நிரப்பியிருந்திருக்கு. இது அன்னிக்கு யாருக்கும் தெரியாது. அப்பா துடைப்பத்தோட ஏணியில இறங்கினார். மேல நின்ன என்னைப் பார்த்து, கண்ணாடியை அங்கயே வைம்மான்னார். ரெண்டு மூச்சுதான்டி. அப்படியே ஒருக்களிச்சுப் படுத்துட்டார், மத்தியானத் தூக்கம் தூங்கற மாதிரி.

தொட்டி வாயில சித்தப்பா நின்னுக்கிட்டிருந்தார். நான் கத்தினேன். "பார்த்துக்கிட்டு நிக்கிறீங்களே, இறங்கித் தூக்குங்க!" அவர், "இரும்மா, ஆளுங்களைக் கூப்பிடறேன்"னு திரும்பினார். சரியாத்தான் சொன்னார். நான் அவர் சட்டையைப் பிடிச்சு, "நீங்கல்லாம் ஒரு தம்பியா?"ன்னு கேட்டேன்.

அந்த வார்த்தைக்குத்தான் அவர் இறங்கினார். அப்பா மேலயே விழுந்தார்.

அப்புறம் நான் ஏணியில கால் வெச்சேன். ரெண்டாவது படி வரைக்கும் இறங்கிட்டேன். யாரோ பின்னாலருந்து என் பின்னலைப் பிடிச்சு வெளிய இழுத்துப் போட்டாங்க. அது யாருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நான் திரும்பிப் பார்க்கல.

அடுத்த மாசம் அப்பா வேலையை எனக்குக் கொடுத்தாங்க. லாரி மோதிப் போனவர் வேலையை ஆலை ஏன் அவர் மகளுக்குக் கொடுக்குதுன்னு நீ ஒரு நாளும் கேட்டதில்ல. நல்லவேளைன்னு இருந்தேன். அந்தத் தொட்டி மேல சிவப்புப் பெயின்ட்டுல ஒரு பலகை வெச்சாங்க. இருபத்தஞ்சு வருஷமா தினமும் அதைத் தாண்டித்தான் என் இடத்துக்குப் போறேன். அதுல இருக்கிறதை அப்படியே எழுதறேன், மனப்பாடம் பண்ணிக்கோ:

விழுந்தவரைத் தூக்கப் போகாதே. வெளியே ஓடு. காற்றை உள்ளே விடு. கத்து. மற்றவரையும் போகவிடாதே.

பெட்டியை மாட்டு, மாட்டாம போ, உன்கிட்ட இனிமே நான் கெஞ்சப் போறதில்ல. ஆனா மேல இருக்கிற ஆள் விழுந்தா நீ ஏறாதே. அவர் நல்லவரா இருக்கட்டும், உனக்கு அப்பா மாதிரியே இருக்கட்டும். ஏறாதே. சித்தப்பாவை அனுப்பினவ நான். இன்னொருத்தியை நான் அனுப்ப மாட்டேன்.

உன்,
அக்கா

*

ஏப்ரல் 30

சின்னவளுக்கு,

பதினொண்ணாம் தேதி எழுதினது கிடைச்சுதா? நாள் கணக்குப்படி உன் பதில் வர்ற வாரம் இது. தபால்காரர் தெருமுனையில திரும்பும்போதே அம்மா கதவைத் திறந்து வெச்சுடறா. இன்னிக்கு அவரே கையை விரிச்சுக் காட்டிட்டுப் போனார்.

உன் ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட்டேன். யாரோ எடுத்தாங்க. என்ன சொன்னாங்கன்னு இந்தப் பாழாப்போன காதுல விழல. உன் பேரைச் சொன்னேன், அப்புறம் வேற யாரோ வந்து ஏதோ சொன்னாங்க. "அவ உயிரோட இருக்காளா"ன்னு கேட்டேன். வந்த பதிலும் விளங்கல. நடுவுல ஆஸ்பத்திரிங்கிற ஒரு வார்த்தை மட்டும் கேட்ட மாதிரி இருந்துச்சு. அம்மா பக்கத்துலயே நின்னதால சிரிச்சுக்கிட்டே போனை வெச்சேன்.

கோவமா இருந்தா ஒரு வெத்துக் காகிதத்தை மடிச்சு அனுப்பு. உறை மேல உன் கையெழுத்து இருந்தாப் போதும்.

அக்கா

*

மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் உயிரோட இருக்கேன். அடிபடல. இதை முதல் வரியில எழுதணும்னுதான் மூணு காகிதத்தைக் கிழிச்சேன். அம்மா முழங்கால் எப்படி இருக்கு? நீ சாப்பிடறியா?

உன் கடிதம் இருபதாம் தேதி வந்துச்சு. மாடிப்படியில உக்காந்து படிச்சேன். படிச்சதும் எனக்கு வந்தது கோவம்தான். இத்தனை வருஷம் என்கிட்ட பொய் சொல்லி வளர்த்திருக்கீங்களேன்னு. அந்தக் கோவத்துல பதில் எழுதல. பெட்டியையாவது அன்னிக்கே போய் மாட்டியிருக்கணும். மாட்டல. இன்னும் ஒரு வாரத்துல அளவு முடிஞ்சிடும், முடிச்சிட்டு மாட்டிக்கலாம்னு நினைச்சேன். இதை விசாரணையிலயும் சொல்லிட்டேன், உன்கிட்டயும் சொல்றேன்.

இருபத்தி நாலாம் தேதி காலையில பத்தரை மணி. மீசைக்காரர் மேடையில நின்னு ஊத்திக்கிட்டிருந்தார், நான் கீழ குழாயைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். மேல மூட்டுகிட்ட உஸ்ஸுன்னு ஒரு சத்தம். குளிர்ல அது விரிசல் விட்டிருக்கு. அவர், "ரெண்டே நிமிஷம்மா, முடிஞ்சிடும்"னார். குரல் கீச்சுன்னு வந்துச்சு. நான் சிரிக்கல அக்கா. "இறங்குங்க, உடனே இறங்குங்க"ன்னு கத்தினேன். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவர் கையில இருந்த ஸ்பேனர் என் கால்கிட்ட வந்து விழுந்துச்சு. அப்புறம் மேடை விளிம்புல அவர் கை தொங்கிச்சு.

நான் ஏறினேன். பொய் சொல்ல மாட்டேன், உன் கடிதத்தை நாலு தடவை படிச்சிருந்தும் ஏறினேன். நினைச்சுப் பார்த்து ஏறல, கால் தானா ஏறிடுச்சு. ரெண்டாவது படியில நின்னப்போ அவர் விரல் என் கண்ணுக்கு நேரா இருந்துச்சு. கையை நீட்டினா எட்டும். அந்த இடத்துலதான் உன் எழுத்து ஞாபகம் வந்துச்சு. பலகையில இருந்த வார்த்தைகூட இல்ல. "ரெண்டாவது படி வரைக்கும் இறங்கிட்டேன்"னு எழுதியிருந்தியே, அந்த வரி.

இறங்கினேன். அந்த ரெண்டு படி இறங்கினதுதான் என் வாழ்க்கையிலயே கஷ்டமான வேலை. அவர் விரலைப் பார்த்துக்கிட்டே இறங்கினேன். குனிஞ்சபடியே ஓடி ரெண்டு கதவையும் திறந்து விட்டேன். வெளியில பெரிய விசிறி சுவிட்ச் மேல என் கையெழுத்துலயே "கைவைக்காதே"ன்னு இருந்துச்சு. அந்தக் காகிதத்தோட சேர்த்து அடிச்சேன். விசிறி ஓட ஆரம்பிச்சதும் திரையில கோடு ஒரு தடவை துள்ளி அடங்கிடுச்சு. மிச்சமிருந்ததெல்லாம் போச்சு. ஒரு கொசுவுக்குக்கூட அது தெரிஞ்சிருக்காது.

அப்புறம் கத்தினேன். புரொபசர் ஓடி வந்தார். மேடையைப் பார்த்தார், நேரா உள்ள பாய்ஞ்சார். நான் பின்னாலருந்து அவர் சட்டையைப் பிடிச்சுக்கிட்டேன். "விடு என்னை, அவன் செத்துடுவான்"னு கத்தறார், என் கையில அடிக்கிறார். "நீயெல்லாம் மனுஷியா"ன்னு கேட்டார். நான் விடல. சட்டை தோள்லருந்து கிழிஞ்சு வந்துச்சு, அவர் இடுப்பைக் கட்டிக்கிட்டேன். முதுகுல காத்து சிலிண்டர் கட்டின ஆளுங்க வர்ற வரைக்கும் நாலு நிமிஷம். நாலு நிமிஷமும் அந்தக் கை தொங்கிக்கிட்டே இருந்துச்சு, நான் அதைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். அவர் செத்துட்டார், நான் நின்னு வேடிக்கை பார்த்தேன்னுதான் நினைச்சேன்.

சாகல. விசிறி இழுத்ததுல மேல காத்து போயிருக்கு, அதுதான் காப்பாத்தினதுன்னு சொல்றாங்க. அஞ்சு நாள் கண்ணு திறக்கல. ஆறாம் நாள் திறந்தார். இடது கை இன்னும் எதையும் பிடிக்க மாட்டேங்குது. என்னைப் பார்த்ததும், "எத்தனை பாக்கி?"ன்னு கேட்டார். "ஒண்ணுமில்ல"ன்னேன். "பரவால்ல, செப்டம்பர்ல பார்த்துக்கலாம்"னார். குரல் பழைய மாதிரி இடி மாதிரி இருந்துச்சு. ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்து அழுதேன். நீ போன் பண்ணினதா ஆபீஸ்ல சொன்னாங்க, அன்னிக்கு நான் அங்கதான் இருந்திருக்கேன்.

பெட்டியைப் பிடுங்கினது என் கைன்னு எழுதிக் கொடுத்துட்டேன். இனி அந்த அறைக்குள்ள என்னை விட மாட்டாங்க. புரொபசர் இன்னும் என்கிட்ட பேசல, ஆனா நேத்து என் மேஜை மேல ஒரு டம்ளர் டீ வெச்சிட்டுப் போனார். விசாரணை முடிஞ்சதும் வீட்டுக்கு வர்றேன், ஜூன்ல. இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு ஒரு வரி விடாம படிச்சுக் காட்டு.

சித்தப்பா விஷயம் ஒண்ணு சொல்லணும். அந்த நாலு நிமிஷத்துல புரொபசர் என்னைக் கேட்ட மாதிரி, நானும் யாரையாவது கேட்டிருப்பேன். என் வாயிலயும் அதே வார்த்தை வந்திருக்கும். எனக்கு முன்னாடியே ஒரு கடிதம் வந்துச்சு. பதினேழு வயசுல உனக்கு அப்படி யாரும் எழுதல அக்கா. எழுதியிருந்தா நீயும் சித்தப்பா சட்டையைப் பிடிச்சிருப்பே, உள்ள அனுப்ப இல்ல, நிறுத்தி வைக்க.

உன் பின்னலைப் பிடிச்சு இழுத்தது யாருன்னு இன்னும் தெரியாதுன்னு எழுதியிருந்தே. எனக்குப் பின்னலே இல்ல. ஆனா என்னை இழுத்தது யாருன்னு எனக்குத் தெரியும்.

உன்,
சின்னவ